ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம்

நிஜ விமானத்தின் 32 மில்லிமீட்டர் என் மேசையில் ஒரு மில்லிமீட்டர். 1/32 அளவு மாதிரி என்றால் அவ்வளவுதான் பொருள். ஆனால் தூரிகை கைக்கு வந்ததும் இந்தச் சின்னக் கணக்கு பலருக்கு மறந்துவிடுகிறது. போர் விமானத்தின் உடலில் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் இருக்கும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதை 32ஆல் வகுத்தால் தலைமுடியைவிட மெல்லிய கோடு வரும். கிட்டில், அதாவது பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களில், வார்த்திருக்கும் பள்ளம் அதைப்போலப் பல மடங்கு அகலம். அந்தப் பள்ளம் முழுவதும் கன்னங்கரேலென்று மை ஊற்றி, ஒவ்வொரு தகட்டின் நடுப்பகுதியையும் வெளுக்கவைத்தால் கடைசியில் கிடைப்பது சதுரங்கப் பலகை. இன்று இணையத்தில் பாராட்டு வாங்கும் மாதிரி விமானங்களில் பாதி அப்படித்தான் இருக்கின்றன.

வெதரிங் என்று சொல்கிறார்கள். புதிதாகப் பூசிய பெயிண்டை வெயிலும் மழையும் வேலையும் தின்ற பெயிண்டாக மாற்றும் கலை. எனக்குப் பிடித்த கலைதான். ஆனால் அதைப் புழுதி தூவுகிற வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. விமானத்தில் ஒரு கறை இருந்தால் அதை யாரோ அல்லது ஏதோ ஒன்று உண்டாக்கியிருக்க வேண்டும். யார், எப்போது, எந்தத் திசையில் என்று சொல்ல முடியாத கறையை நான் வைப்பதில்லை.

இந்த முறை எடுத்துக்கொண்டது மிக்-21 என்ற சோவியத் போர் விமானம். 1963இல் சண்டிகரில் 28ஆம் படைப்பிரிவோடு இந்திய விமானப்படைக்குள் வந்த விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெற்றது. இடையில் 62 ஆண்டுகள். இவ்வளவு நீண்ட காலம் வேலை செய்த ஒரு வண்டியைப் பளபளவென்று புதிதாகச் செய்து கண்ணாடி அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. டிரம்பட்டர் நிறுவனம் 1/32 அளவில் வெளியிட்ட மிக்-21 எம்எஃப் கிட், நாசிக்கில் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தயாரித்த மிக்-21 எம் வகைக்குத் தோற்றத்தில் மிக அருகில் வருகிறது. எஞ்சின் வேறு, ஆனால் அது வெளியே தெரியாது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிஜத்தில் 7.15 மீட்டர், மாதிரியில் 22 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். நீளம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒல்லியான விமானம் என்பதால் சேலத்து வாடகை வீட்டு அலமாரியிலும் அடங்கும். இதே அளவில் சுகோய் எடுத்தால் வீட்டில் ஒருவர் வெளியேற வேண்டியிருக்கும்.

கட்டுமானத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வெட்டு, தேய், ஒட்டு, காத்திரு. விமானியறை மட்டும் விதிவிலக்கு. சோவியத் விமானங்களின் விமானியறைக்கு நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம் உண்டு. மேற்கு நாட்டு விமானங்களில் அதை அவ்வளவாகப் பார்க்க முடியாது. கருவிப் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். விமானம் சுழன்றபடி விழத் தொடங்கினால் விமானிக்கு யோசிக்க நேரம் இருக்காது. கட்டுப்பாட்டுக் கோலை நட்டநடுவில் நிறுத்த அந்தக் கோட்டைப் பார்த்துத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். 1/32இல் அந்தக் கோட்டைப் பூசுவது இரண்டு நிமிட வேலை. அது எதற்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைக் கொஞ்சம்கூடக் கோணலாக விட மனம் ஒப்பவில்லை.

பட்டி பார்ப்பதை நான் கற்றது மாமாவிடம். சங்ககிரிச் சாலையில் லாரிகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் கூடம் அவருடையது. இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் எந்தக் கிட்டிலும் கொஞ்சம் பள்ளம் இருக்கும். கண்ணுக்கு அது நிரம்பிவிட்டதாகத் தெரியும், பெயிண்ட் அடித்த பிறகு பல்லைக் காட்டும். மாமா லாரிக் கதவில் பட்டி தேய்த்த பிறகு அதன்மேல் கறுப்புப் பெயிண்டைத் தூரத்திலிருந்து புகைபோல அடிப்பார். காய்ந்ததும் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பார். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். எங்கே இன்னும் பட்டி வேண்டும் என்று கதவே காட்டிக்கொடுக்கும். "விரலை நம்பாதே மாப்பிள்ளை, கண்ணையும் நம்பாதே, கறுப்பை நம்பு" என்பார். மிக்-21இன் முதுகெலும்புபோல ஓடும் மேற்புடைப்பு முழுவதையும் இந்த முறையில்தான் சமன் செய்தேன். நைட்ரோசெல்லுலோஸ் பட்டி காயும்போது சுருங்கும் என்பதால் ஒரே தடிமனாக அப்பக்கூடாது, மெல்லிய படலங்களாகப் பூசிக் காயவிட வேண்டும். மெல்லிய இடைவெளிகளுக்கு உடனடிப் பசையே போதும். அது சுருங்காது. ஆனால் மறுநாள்வரை விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், இறுகியவுடனேயே தேய்த்துவிட வேண்டும்.

பெயிண்ட் அடிப்பதற்குச் சேலமும் ஏற்காடும் இரண்டு வேறு நாடுகள். நடுவே இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான். சேலத்துச் சித்திரை வெயிலில் லாக்கர் பெயிண்ட் ஏர்பிரஷ் என்ற சின்ன ஸ்பிரே கருவியின் முனையிலிருந்து கிளம்பி விமானத்தைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடும். மேற்பரப்பு மணல்தாள்போலச் சொரசொரவென்று ஆகும். மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து, முனையை அருகில் பிடித்து, விடியற்காலையில் அடிப்பதுதான் வழி. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் விமானம் கட்டுபவர். அவருடைய தொல்லை நேர் எதிரானது. ஆடி மாத மூடுபனியில் அவர் கிளியர் எனும் நிறமற்ற மேற்பூச்சை அடித்தால் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. மெதுவான தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் பெயிண்ட் மறுபடி இளகி ஈரம் வெளியேறும், பல நேரங்களில் தெளிந்துவிடும். அவர் மழைக்காலத்தில் வெட்டுவதும் ஒட்டுவதும் மட்டும் செய்கிறார், ஸ்பிரே வேலை தை, மாசியில். நான் கோடையில் ஸ்பிரேவைக் குறைத்துக்கொள்கிறேன். வருடத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் நல்ல வானிலை கிடைப்பது சொற்ப நாட்கள்தான். அந்த நாட்களில் யாரும் யாரையும் தொலைபேசியில் அழைப்பதில்லை.

மேலே பச்சையும் பழுப்பும், அடியில் வெளிர் நிறம். வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. வால் இறக்கையில் மூவண்ணப் பட்டை. இந்த வகை இந்திய மிக்-21களின் எண் ‘சி’ எழுத்தில் தொடங்கும். எனக்கு வேண்டிய எண், மாதிரிகளில் ஒட்டும் எழுத்தும் சின்னமும் அச்சிட்ட எந்த டீகால் தாளிலும் இல்லை. ஐந்து ரோடு பக்கம் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கொடுத்தேன். கணினியில் வரைந்துகொண்டு போனால் அவர்களுடைய இயந்திரம் சில மில்லிமீட்டர் உயர எழுத்தையும் சுத்தமாக வெட்டித்தருகிறது. எழுத்தை உரித்துவிட்டு மிச்சத்தை ஒட்டி, அந்த ஓட்டை வழியாகப் பெயிண்ட் அடித்தேன். வினைல் ஸ்டிக்கரின் பசை வண்டிக்கானது, அப்படியே ஒட்டினால் அடியில் இருக்கும் பெயிண்டையும் உரித்துக்கொண்டு வரும். வேட்டித்துணியில் நாலைந்து தடவை ஒட்டி உரித்து அதன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். டீகாலைவிடப் பூசிய எண்ணே எனக்குப் பிடித்திருக்கிறது. நிஜத்திலும் அது பெயிண்டுதானே.

இனி அழுக்கு.

மாமா ஒரு லாரியைச் சுற்றி வந்தால் அது எந்த ரூட் வண்டி என்று சொல்லிவிடுவார். சிமெண்ட் ஏற்றும் வண்டியின் புழுதி மடிப்புகளில் இறுகி உட்கார்ந்திருக்கும், தண்ணீர் பட்ட இடத்தில் கல்லாகியிருக்கும். டீசல் டாங்க் மூடிக்குக் கீழே வழிந்த கறை, ஓட்டத்தில் காற்று இழுத்த திசையில் பின்னோக்கிச் சாயும். ஓட்டுநர் பக்கக் கதவில் கைப்பிடியைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்திருக்கும், கிளீனர் பக்கம் அவ்வளவு தேயாது. இந்தக் கண்ணோடு மிக்-21ஐப் பார்த்தால் வேலை தானாக விளங்கத் தொடங்குகிறது. இதன் பிற்கால வகைகளில் விமானியறையின் மூடி வலது பக்கமாகத் திறக்கும். எனவே விமானி ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கம். ஏணி சாய்க்கப்படுவதும் அங்கேதான். பெல்ட் மாட்டிவிடும் பணியாளரின் பூட்ஸும் அங்கேதான் உரசும். ஆகவே என் விமானத்தின் இடப்பக்கத்தில், விமானியறை விளிம்பிலிருந்து கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, நிஜ அளவில்தான் சொல்கிறேன், பெயிண்ட் மங்கித் தேய்ந்திருக்கிறது. வலப்பக்கம் ஏறக்குறைய சுத்தம். படம் பார்த்தவர்களில் சிலர் வலப்பக்க வேலை இன்னும் முடியவில்லை என்று நினைத்தார்கள்.

லாரிப் பாடம் ஓர் இடத்தில் உதவாது. லாரி இரும்பு, துருப்பிடிக்கும். விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்த பாக்சைட்டை மேட்டூருக்கு இறக்கி அலுமினியம் எடுத்த ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியம் செந்நிறத் துரு பிடிக்காது. பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் தெரிய வேண்டியது வெள்ளி நிறம், அல்லது அடியிலிருக்கும் பிரைமர். ஆனாலும் ஜெட் விமானத்தின் இறக்கை நெடுகப் பழுப்புத் துரு ஒழுகவிடுபவர்கள் இருக்கிறார்கள், கப்பலோடு குழப்பிக்கொண்டார்களோ என்னவோ. அளவுக் கணக்கை இங்கேயும் போட வேண்டும். மாதிரியில் மூன்று மில்லிமீட்டர் பெயர்ப்பு என்றால் நிஜத்தில் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர். அப்படிப் பெயர்ந்த விமானத்தை எந்தப் படைப்பிரிவும் பறக்கவிடாது, முதலில் தொட்டுப் பூசிவிடும். அந்தத் தொட்டுப் பூசல்தான் உண்மையான அழகு. பழைய பச்சைக்கும் நேற்றுப் பூசிய பச்சைக்கும் ஒரு சாயல் வித்தியாசம் இருக்கும். நான் பெயர்ப்புகளை வெகுவாகக் குறைத்து, இப்படிப்பட்ட ஒட்டுத்திட்டுகளைக் கூட்டினேன்.

தகட்டுக் கோடுகளில் மை விடுவதை நான் முழுக்க விட்டுவிடவில்லை. சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் வெள்ளியைக் கறுக்கவைத்துத் தேய்ப்பதைப் பார்த்த பிறகு அந்த வேலையைச் செய்யும் விதம் மாறியது. அவர் கொலுசு முழுவதையும் முதலில் கறுப்பாக்குகிறார். பிறகு மேடுகளை மட்டும் துடைக்கிறார். எவ்வளவு கறுப்பு மிஞ்ச வேண்டும் என்பதைக் கறுக்கவைக்கும்போது அவர் முடிவு செய்வதில்லை, துடைக்கும்போது முடிவு செய்கிறார். நானும் எனாமல் வாஷை, அதாவது கோடுகளில் ஓடித் தங்கும் நீர்த்த பெயிண்டை, பூசிவிட்டு, துடைப்பதில்தான் நேரம் செலவழித்தேன். நிறமும் கறுப்பு வேண்டாம், அடியிலிருக்கும் நிறத்தைவிட ஒரு படி ஆழமான பழுப்போ பச்சையோ போதும். ஒரே ஒரு கோட்டை மட்டும் தயங்காமல் அழுத்தமாக விட்டேன். மிக்-21இல் எஞ்சினை வெளியே எடுக்க வேண்டுமென்றால் இறக்கைக்குப் பின்னால் உடலையே இரண்டாகப் பிரித்து வால்பகுதியைக் கழற்றுவார்கள். அடிக்கடி திறக்கும் அந்தச் சந்தில் எண்ணெயும் கைரேகையும் சேர்ந்துதான் தீரும்.

வால்முனையில் எஞ்சின் வாய்க்கு வேண்டிய பாடமும் ஊரிலேயே கிடைத்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பார்க்காத சேலத்துக்காரர் கிடையாது. வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள்: சூட்டுக்கு மிக அருகில் நீலம், அடுத்து ஊதா, பிறகு பழுப்பு, கடைசியில் வெளிறிய வைக்கோல் மஞ்சள். சூடு ஏற ஏற உலோகத்தின்மேல் படியும் ஆக்சைடு படலம் தடிமனாகிறது, படலத்தின் தடிமனுக்கேற்ப நிறம் மாறுகிறது. இந்த வரிசை தாறுமாறாகாது. மாதிரி விமானங்களில் நீலத்தையும் ஊதாவையும் மனம்போனபடி புள்ளிவைத்திருப்பதைக் கண்டால் வெல்டர் யாராவது சிரித்துவிடுவார். பளபளக்கும் கறுப்பை அடித்தளமாக அடித்து, அதன்மேல் உலோகப் பெயிண்ட், அதன்மேல் தெளிந்த மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று மெல்லிய படலங்கள். அடித்து முடித்ததும் பாதியை உலோக நிறத்தாலேயே அடக்கிவிட்டேன். அழகாக இருந்ததால்தான் அடக்க வேண்டியிருந்தது.

பெங்களூரில் எச்ஏஎல் அருங்காட்சியகத்தில் திறந்தவெளியில் விமானங்கள் நிற்கின்றன. சேலத்திலிருந்து போய்வர ஒரு நாள் போதும், கட்டுபவர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம். ஆனால் அங்கே படமெடுத்து அதன்படியே அழுக்கு ஏற்றினால் தவறான விமானம் வரும். நிற்கும் விமானத்தின் கறை மழையோடு நேர்கீழாக இறங்குகிறது. பறக்கும் விமானத்தின் கறை காற்றோடு பின்னோக்கி ஓடுகிறது. வேலையில் இருக்கும் விமானத்தில் இரண்டும் கலந்திருக்கும், ஆனால் பின்னோக்கிய ஓட்டம் மேலோங்கும். வயிற்றின் அடியில் இரட்டைக் குழல் கொண்ட 23 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கிறது. அதன் புகைக்கரியும் பின்னோக்கித்தான், அதுவும் லேசாக. அமைதிக்காலத்தில் தினமும் சுடுவதில்லை, சுட்டால் துடைக்காமல் விடுவதுமில்லை. வெயிலுக்கும் ஒரு வரம்பு உண்டு. 1965 போரில் பதான்கோட்டில் தரையில் நின்ற விமானங்கள் தாக்கப்பட்டதில் மிக்-21களும் போயின. அப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு விமானங்களைத் தடித்த சுவர்களுக்குள் நிறுத்தும் பழக்கம் வலுப்பட்டது. நிழலில் நிற்கும் விமானம் லாரியைப்போல வெளுக்காது. இறக்கையின் மேற்பரப்பிலும் முதுகிலும் மட்டும், ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து, தின்னர் நனைத்த தூரிகையால் முன்னிருந்து பின்னாக இழுத்துக் கரைத்தேன். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சாதாரண ட்யூப்களே போதும். இதற்கென்று தனியாக விற்பதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஏற்காட்டு நண்பருக்கு இதிலெல்லாம் உடன்பாடில்லை. அவருடைய வாதத்தில் சாரம் இருக்கிறது. அரை மீட்டர் பொருளை இரண்டடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை இருபது மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் நிறங்கள் கொஞ்சம் வெளிறும். வீட்டு விளக்கில் சின்னப் பொருளின் நிழல்களும் நிஜம்போல விழாது. எனவே கொஞ்சம் மிகைப்படுத்தாவிட்டால் மாதிரி பொம்மைபோலத் தட்டையாகத் தெரியும், ஓவியர் நிழலை அழுத்துவது போலத்தான் இதுவும் என்கிறார். நிறத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன், பச்சையில் நானும் வெள்ளை கலந்தேன். ஆனால் அதே இருபது மீட்டர் தூரத்தில் பெயர்ப்பும் கீறலும் கண்ணுக்கே தெரியாது என்பதை அவருடைய வாதமே சொல்லிவிடுகிறது. இதை நான் சொன்னால் அவர் காப்பி போட எழுந்துவிடுவார்.

மூக்கில் நீட்டியிருக்கும், வேகம் அளக்க உதவும் பிட்டோ குழாயைக் கடைசியில்தான் பொருத்தினேன். முதலிலேயே ஒட்டினால் சட்டைக் கை பட்டே முறிந்துவிடும். கிட்டில் வந்த பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிட்டு, பழைய ஊசிக் குழாயை அறுத்துச் செய்தேன். நேராக இருக்கிறது, வளையாது, கொஞ்சம் குத்தவும் செய்யும்.

முடிந்ததும் மாமா வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார். "எந்த ரூட் வண்டி மாப்பிள்ளை?" என்று கேட்டார். ராஜஸ்தான் பக்கம் மேற்கு எல்லையில் ஒரு தளம் என்று வைத்துக்கொண்டு செய்திருப்பதாகச் சொன்னேன். குனிந்து டயரைப் பார்த்தார். பாலைவனத்தில் ஓடுகிற வண்டிக்கு டயரில் மண் போதாது என்றார். ஓடுதளத்தைத் தினமும் பெருக்குவார்கள் மாமா, ஒரு சின்னக் கல்லை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டால்கூட உள்ளே இருக்கும் தகடுகள் போய்விடும், அதனால் சாலைபோல மண் கிடக்காது என்று விளக்கினேன். "ரோட்டைப் பெருக்குகிறார்களா, தினமுமா?" என்று இரண்டு முறை கேட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. டயரை அப்படியே விட்டுவிட்டேன்.